தி.நகரில் 137, ஹெண்டனில் 15

2024 ஜூலை 5, வெள்ளிக்கிழமை. மயிலாப்பூர் மாட வீதிகளில் பால் பாக்கெட் போடுகிறவர் சைக்கிளை நிறுத்துகிற நேரத்தில் லண்டனில் அப்போதுதான் நள்ளிரவு. அங்கே வாக்குப்பதிவு வியாழன் இரவு 10 மணிக்கு முடிந்திருந்தது. நம் கணக்கில் அதிகாலை 2.30. முதல் தொகுதியின் முடிவு இங்கே நான்கு மணி அடிப்பதற்குள் வந்துவிட்டது. பிரதமர் ரிஷி சுனக் தோல்வியை ஒப்புக்கொண்டபோது சென்னை டிபன் பாக்ஸைக் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது.

பிள்ளையையோ பெண்ணையோ இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டு வாட்ஸ்அப்பில் குடித்தனம் நடத்தும் பெற்றோர் மயிலாப்பூரிலும் அடையாறிலும் தெருவுக்குத் தெரு உண்டு. ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் எல்லாம் அவர்களுக்கு மந்தைவெளி, நங்கநல்லூர் மாதிரி வாயில் பழகிய பெயர்கள். அந்த வீடுகளில் பிரிட்டன் தேர்தல் என்றாலே கிளம்புகிற கேள்வி ஒன்றுதான்: “உனக்கு அங்கே ஓட்டு உண்டாடா?”

உண்டு. பலருக்கும் இது ஆச்சரியமாக இருக்கும். பிரிட்டனில் சட்டப்படி தங்கியிருக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் 18 வயது நிரம்பியிருந்தால் அந்நாட்டுப் பொதுத் தேர்தலில் வாக்களிக்கலாம். இந்திய பாஸ்போர்ட், இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களும் இதில் சேர்த்தி. குடியுரிமை மாற வேண்டியதில்லை. எம்.எஸ். படிக்கப் போன மாணவரும், மருத்துவமனையில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்தவரும் பட்டியலில் பெயரைப் பதிந்துகொண்டு அங்கே பிரதமரை மாற்றுவதில் பங்கெடுக்கலாம். சாம்ராஜ்யக் காலத்தின் மிச்சம் அந்த உரிமை.

அதே மாணவர் மயிலாப்பூர்த் தொகுதியில் ஓட்டுப் போட வேண்டுமென்றால்தான் சிக்கல். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 2010-ல் சேர்க்கப்பட்ட 20ஏ பிரிவு வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கு வாக்குரிமை தந்தது. ஆனால் தபாலில் அனுப்ப முடியாது, பதிலாளை அனுப்ப முடியாது. விமானம் ஏறி வந்து, பாஸ்போர்ட்டைக் காட்டி, விரலில் மை வைத்துக்கொண்டு போக வேண்டும். பதிலாள் மூலம் வாக்களிக்க வழி செய்யும் மசோதா 2018-ல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையைத் தாண்டாமல் காலாவதி ஆனது. 2024 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்கச் சுமார் 1.19 லட்சம் வெளிநாடுவாழ் வாக்காளர்கள் பதிவு செய்திருந்தார்கள். வந்து வாக்களித்தவர்கள் 2,958 பேர். அதிலும் பெரும்பாலோர் கேரளத்துக்காரர்கள்.

ஆக, லஸ் கார்னரில் வளர்ந்த ஒருவர் லண்டனில் குடியேறினால் அவருக்குக் கைக்கெட்டும் ஓட்டு லேபர் கட்சிக்கோ கன்சர்வேட்டிவ் கட்சிக்கோ போடுகிற ஓட்டுதான்.

ஜூன் 4-ம் ஜூலை 4-ம்

அந்த ஆண்டு இரண்டு தேர்தல்களும் முப்பது நாள் இடைவெளியில் அமைந்தன. ஜூன் 4 அன்று இங்கே வாக்கு எண்ணிக்கை. ஜூலை 4 அன்று அங்கே வாக்குப்பதிவு. தோற்றவர்களும் ஜெயித்தவர்களும் வேறு வேறு. தேர்தல் முறை மட்டும் ஒன்று: ஒரு தொகுதியில் யாருக்கு அதிக ஓட்டோ அவர் உறுப்பினர், பாதியைத் தாண்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெள்ளைக்காரனிடமிருந்து நாம் வாங்கிக்கொண்டவற்றில் கிரிக்கெட்டுக்கு அடுத்தபடியாக நாம் அதிகம் சண்டை போடுவது இதை வைத்துத்தான்.

ஆனால் முடிவுக்காகக் காத்திருக்கும் விதத்தில் இரு நாடுகளும் இரண்டு துருவம். தென்சென்னை வாக்காளர்கள் ஏப்ரல் 19 அன்று பட்டனை அழுத்திவிட்டு, முடிவு தெரிய 46 நாள் காத்திருந்தார்கள். விரலில் வைத்த மையே பாதி அழிந்துவிட்டது. பிரிட்டனில் பென்சிலால் சீட்டில் குறி போட்டுவிட்டு வந்தவர்கள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தார்கள். மணி பத்து அடித்ததும் பி.பி.சி., ஐ.டி.வி., ஸ்கை மூன்றும் சேர்ந்து நடத்திய கணிப்பு திரையில் வந்தது: லேபர் 410. மறுநாள் எண்ணி முடித்தபோது, சபாநாயகரைச் சேர்க்காமல், 411. இந்தியாவில் ஜூன் 1 அன்று வந்த கணிப்புகள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் கொடுத்தன, கிடைத்தது 293. “கருத்துக்கணிப்பை எவன்யா நம்புறான்” என்று டீக்கடையில் சொல்வதற்கு இங்கே காரணம் இருக்கிறது.

தென்சென்னையின் ஓட்டுகள் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் எண்ணப்பட்டன. விருகம்பாக்கம், சைதாப்பேட்டை, தியாகராயநகர், மயிலாப்பூர், வேளச்சேரி, சோழிங்கநல்லூர் என ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தது இந்த மக்களவைத் தொகுதி. எண்ணும் மேசைகளுக்கும் கட்சி ஏஜென்டுகளுக்கும் நடுவே கம்பி வலை. அந்தப் பக்கம் அதிகாரி ‘கன்ட்ரோல் யூனிட்’டின் சீலைக் காட்டுவார், உடைப்பார், ‘ரிசல்ட்’ பட்டனை அழுத்துவார். திரையில் ஒவ்வொரு வேட்பாளரின் எண்ணும் வரிசையாக வரும். இந்தப் பக்கம் ஏஜென்ட் வலையில் மூக்கை ஒட்டிக்கொண்டு, கையிலுள்ள தாளில் குறித்துக்கொள்வார். வாக்குப்பதிவு அன்று மாலை பூத்தில் கொடுத்த 17சி படிவத்தோடு மொத்தம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். அன்று தென்சென்னையில் 41 வேட்பாளர்கள். நோட்டாவோடு சேர்த்து 42 பட்டன். ஒரு பெட்டிக்கு 16 என்பதால் ஒவ்வொரு பூத்திலும் மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள்.

முடிவு ஒன்றும் ராத்திரி வரை இழுக்கவில்லை. தி.மு.க.வின் தமிழச்சி தங்கபாண்டியன் 5,16,628 வாக்குகள் வாங்கினார். ஆளுநர் பதவியை விட்டுவிட்டு வந்து களமிறங்கிய பா.ஜ.க.வின் தமிழிசை சௌந்தரராஜன் 2,90,683. அ.தி.மு.க.வின் ஜெ. ஜெயவர்த்தன் 1,72,491. இவர் 2014-ல் இதே தொகுதியில் ஜெயித்து டெல்லிக்குப் போனவர். பத்தாண்டு கழித்து டெபாசிட்டே போய்விட்டது.

டெபாசிட் கணக்கையும் இந்த இடத்தில் பார்த்துவிடலாம். இங்கே பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் 25,000 ரூபாய் திரும்பக் கிடைக்கும். பிரிட்டனில் கட்டுவது 500 பவுண்டு. நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வாங்கினாலே திருப்பித் தந்துவிடுவார்கள். ஜெயவர்த்தன் வாங்கிய விகிதத்தில் அங்கே ஒருவர் வாங்கியிருந்தால் பணமும் தப்பியிருக்கும், மானமும் தப்பியிருக்கும். “டெபாசிட் காலி” என்பது தமிழ்நாட்டில் பணக் கணக்கு இல்லை. தோற்றவரை அடுத்த தேர்தல் வரை துரத்துகிற வசவு.

‘நம்ம பூத்துல எவ்வளவு?’

முடிவு வந்த மறுநாள் காலை லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களின் பேச்சு டெல்லியில் ஆரம்பித்து சென்னைக்கு வந்து, கடைசியில் தெருவுக்கு வந்து நிற்கும். “நம்ம பூத்துல எவ்வளவு?” இந்தக் கேள்வியை ஒரு பிரிட்டிஷ் வாக்காளர் கேட்கவே முடியாது. ஏனென்றால் அதற்கு அங்கே விடை கிடையாது.

காரணம் எளிமையானது. பிரிட்டனில் ஒரு பூத்தின் பெட்டியைத் திறந்து சீட்டுகளின் எண்ணிக்கையைச் சரிபார்த்ததும், இன்னொரு பூத்தின் சீட்டுகளோடு கலந்துவிட வேண்டும் என்பது விதி. கலந்த பிறகுதான் யாருக்கு எத்தனை என்று எண்ணுவார்கள். எந்தத் தெரு எந்தக் கட்சிக்குப் போட்டது என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. இந்தியாவிலும் காகிதச் சீட்டு காலத்தில் இப்படிக் கலந்து எண்ண விதி இருந்தது. இயந்திரம் வந்ததும் அது போயிற்று. ஒவ்வொரு இயந்திரமும் தன் பூத்தின் ரகசியத்தைத் தனித்தனியாகச் சொல்லிவிடுகிறது. பூத் வாரியான பட்டியலே வெளியாகிறது. பல இயந்திரங்களின் மொத்தத்தை மட்டும் காட்டும் ‘டோட்டலைசர்’ கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை.

இதனால் நம் வாக்காளரின் மகிழ்ச்சியும் பயமும் தெரு அளவில் நடக்கின்றன. வட்டச் செயலாளருக்கு எந்தத் தெரு கைகொடுத்தது, எந்த அடுக்குமாடிக் குடியிருப்பு கைவிட்டது என்பது எண் எண்ணாகத் தெரியும். “எங்க ஏரியா ஓட்டு போடலைன்னுதான் ரோடு போடலை” என்ற புகார் உண்மையோ பொய்யோ, அப்படி நினைப்பதற்கு வேண்டிய புள்ளிவிவரம் கட்சிக்காரர் கையில் இருக்கிறது. ஓட்டு ரகசியம் என்று நாம் சொல்வது தனி ஆளுக்குப் பொருந்தும், தெருவுக்குப் பொருந்தாது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பூத் நமக்கு அவ்வளவு நெருக்கமாக இருப்பதால்தான் அதற்குக் காவலும் நிற்கிறோம். 2021 சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்த ஏப்ரல் 6 இரவு, வேளச்சேரியில் இருசக்கர வண்டியில் வாக்கு இயந்திரங்களும் ஒப்புகைச்சீட்டு இயந்திரமும் போவதைப் பார்த்து மடக்கியவர்கள் பொதுமக்கள்தான். ஒப்புகைச்சீட்டு இயந்திரம் கொஞ்ச நேரம் பயன்படுத்தப்பட்டது என்று தெரியவந்ததும், 92-ஆம் எண் பூத்துக்கு ஏப்ரல் 17 அன்று மறுவாக்குப்பதிவு நடந்தது. அது ஆண்கள் மட்டும் வாக்களிக்கும் பூத். இரண்டாம் முறை வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான்.

கூட்டல் கழித்தலில் வராத கணக்கு

பிரிட்டனில் ஜூலை 5 அன்று ஜெயித்த கட்சிக்காரரும் தோற்ற கட்சிக்காரரும் ஒரே சதவீதப் பட்டியலைப் பார்த்து விழித்தார்கள். லேபருக்கு நூற்றுக்கு 33.7 ஓட்டு, 650 இடங்களில் 411. அதாவது மூன்றில் ஒரு பங்கு ஓட்டுக்கு மூன்றில் இரண்டு பங்கை நெருங்கும் இடங்கள். நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சிக்கு 14.3 சதவீதம், சுமார் 41 லட்சம் ஓட்டு. கிடைத்தது ஐந்தே இடம். அதைவிடக் குறைவாக 12.2 சதவீதம் வாங்கிய லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 72 இடம். ரிஃபார்ம் கட்சிக்கு ஊர் ஊராகக் கொஞ்சம் கொஞ்சம் சிதறிய ஓட்டு. லிபரல் டெமாக்ரட்டுகள் ஜெயிக்கக்கூடிய தொகுதிகளைப் பொறுக்கி எடுத்து அங்கேயே குடியிருந்து வேலை பார்த்தார்கள்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு மாதம் முன்புதான் தி.மு.க. அணி 47 சதவீதத்தை ஒட்டிய ஓட்டுக்கு மாநிலத்தின் 39 இடங்களையும் அள்ளியிருந்தது. எதிரே அ.தி.மு.க. அணி, பா.ஜ.க. அணி, நாம் தமிழர் என மூன்றாகப் பிரிந்து நின்றவர்கள் சேர்த்து வாங்கியது கிட்டத்தட்டப் பாதி. கிடைத்தது பூஜ்யம். “ஓட்டு பிரிஞ்சுடுச்சு” என்ற இரண்டே சொல்லில் நம் ஊர் ஆட்டோக்காரர் சொல்லிவிடுவதை பிரிட்டிஷ் அரசியல் விஞ்ஞானிகள் புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள்.

இதன் உச்சத்தை சென்னை 1967-லேயே பார்த்துவிட்டது. காங்கிரஸ் ஆட்சி கவிழ்ந்து அண்ணா முதல்வரான அந்தத் தேர்தலில், காங்கிரஸுக்குக் கிடைத்த வாக்கு 41.10 சதவீதம், தி.மு.க.வுக்கு 40.69. ஓட்டில் காங்கிரஸ் அரைப் புள்ளி அளவு மேலே. இடங்களில் தி.மு.க. 137, காங்கிரஸ் 51. தி.மு.க. எல்லாத் தொகுதியிலும் நிற்காமல் கூட்டாளிகளுக்கு விட்டுக்கொடுத்ததும், காங்கிரஸுக்கு எதிரான ஓட்டு சிதறாமல் ஒருபக்கம் சேர்ந்ததும் செய்த வேலை இது. அந்த ஆண்டு அண்ணா நின்று ஜெயித்தது இதே தென்சென்னை மக்களவைத் தொகுதியில்தான். முதல்வராகப் பொறுப்பேற்றதும் அதைத் துறந்தார். இடைத்தேர்தலில் முரசொலி மாறன் வந்தார்.

பிரிட்டனில் இதே கூத்து 1951-ல் நடந்தது. லேபர் 48.8 சதவீதம் வாங்கித் தோற்றது. 48 சதவீதம் வாங்கிய சர்ச்சிலின் கட்சி ஆட்சிக்கு வந்தது. இந்த முறையை மாற்றலாமா என்று 2011 மே 5 அன்று அங்கே மக்களிடமே கேட்டார்கள். விருப்ப வரிசைப்படி வாக்களிக்கும் மாற்று முறையை 67.9 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். திட்டிக்கொண்டே வைத்துக்கொள்ளும் பழைய வீடு மாதிரி அவர்களுக்கும் அது.

பெரிய தலை உருளும் இரவு

வாக்காளருக்கு முடிவு நாளில் கிடைக்கும் தனி ருசி ஒன்று உண்டு. நாற்காலியில் நிலைத்துவிட்டார் என்று நினைத்த ஒருவரைத் தன்னைப் போன்ற சாமானியர்கள் இறக்கிவிட்டார்கள் என்று கேட்பதில் வருகிற ருசி அது. 1967-ல் விருதுநகரில் காமராஜர் 1,285 வாக்குகளில் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் தோற்றார் என்ற செய்தி வந்தபோது தமிழ்நாடு நம்ப மறுத்தது. ஜெயித்த தரப்பிலேயே வருந்தியவர்கள் உண்டு. 1996-ல் முதல்வராக இருந்த ஜெயலலிதா பர்கூரில் தோற்றபோது வருத்தப்பட்டவர்களைவிடப் பட்டாசு வாங்கியவர்கள் அதிகம்.

பிரிட்டனின் பர்கூர், 1997 மே மாதத்து என்ஃபீல்ட் சவுத்கேட். பாதுகாப்பு அமைச்சர் மைக்கேல் போர்ட்டிலோ அங்கே தோற்ற காட்சி அதிகாலை மூன்று மணிக்கு மேல் ஒளிபரப்பானது. “போர்ட்டிலோ தோற்கிறவரை முழிச்சிருந்தியா?” என்பது அந்நாட்டில் ஒரு தலைமுறையின் விசாரிப்பாகவே ஆகிவிட்டது. 2024-ல் அந்த இடத்துக்கு வந்தவர் முன்னாள் பிரதமர் லிஸ் ட்ரஸ். 630 ஓட்டில் போனார்.

அந்த ஊர் வழக்கத்தில் நம்மிடம் இல்லாத ஒன்று, தொகுதி முடிவை அறிவிக்கும்போது எல்லா வேட்பாளர்களும் ஒரே மேடையில் வரிசையாக நிற்பது. பிரதமரானாலும் விலக்கில்லை. 2024-ல் சுனக்கை எதிர்த்து அவர் தொகுதியில் நின்றவர்களில், தலையில் குப்பைத் தொட்டியை மாட்டிக்கொண்ட ‘கவுன்ட் பின்ஃபேஸ்’ என்ற வேடிக்கை வேட்பாளரும் ஒருவர். நமக்கு அதற்கு ஈடாக மேட்டூர் பத்மராஜன் இருக்கிறார். இருநூறுக்கும் மேற்பட்ட தேர்தல்களில் நின்று ஒன்றில்கூட ஜெயிக்காத ‘தேர்தல் மன்னர்’. ஆனால் நம் ஊரில் ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரே மேடையில் கைகுலுக்கி நிற்கும் காட்சி அபூர்வம். ஜெயித்தவர் சான்றிதழ் வாங்கிக்கொண்டு மெரினா நினைவிடத்துக்குப் போவார். தோற்றவர் எண்ணிக்கை மையத்தின் பின்வாசல் வழியாகக் காருக்குப் போவார்.

தேனாம்பேட்டை அண்ணா அறிவாலயமும், தி.நகர் கமலாலயமும், ராயப்பேட்டை அ.தி.மு.க. தலைமையகமும் ஒன்றிலிருந்து ஒன்று சில கிலோமீட்டர் தூரம்தான். எண்ணிக்கை நாளன்று ஆட்டோவில் ஒரு சுற்று சுற்றி வந்தாலே முடிவு தெரிந்துவிடும். எங்கே மேளம், எங்கே லட்டு, எங்கே சாத்திய கேட் என்று பார்த்தால் போதும், டி.வி. தேவைப்படாது.

ஒரு பஸ் கூட்டம்

2021 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே மிகக் குறைந்த வித்தியாசம் தியாகராயநகரில். தி.மு.க.வின் ஜெ. கருணாநிதி 56,035. அ.தி.மு.க.வின் ‘தி.நகர்’ சத்யா என்கிற பி. சத்தியநாராயணன் 55,898. வித்தியாசம் 137. பண்டிகைக் காலத்து மாலையில் ரங்கநாதன் தெருவில் பத்தடி நடப்பதற்குள் இடித்துக்கொண்டு போகிறவர்களின் எண்ணிக்கை அதைவிட அதிகம்.

அதே தொகுதியில் அந்தத் தேர்தலில் வாக்களிக்காமல் வீட்டில் இருந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். சென்னை மாவட்டத்தில் அன்று பதிவானது 59 சதவீதம். மாநிலம் முழுக்க 72-க்கு மேல். தி.நகர், மயிலாப்பூர், வேளச்சேரி மூன்றும் சென்னையின் சராசரியையே எட்டவில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் தென்சென்னையில் நூற்றுக்கு 54 பேர் வந்தார்கள். மாநிலத்தில் 70-ஐ ஒட்டி. படித்தவர்கள் அதிகம், பூத் அருகில், சாலை நன்றாக இருக்கிறது, வெயிலுக்குப் பந்தலும் போடுகிறார்கள். இருந்தும் இந்த நிலை.

முழுப் பழியையும் சோம்பலின் மேல் போட முடியாது. வாடகை வீடு மாறியவர், ஊரில் ஒரு ஓட்டும் இங்கே ஒரு ஓட்டும் இருப்பவர், எப்போதோ இறந்துபோனவர், அமெரிக்கா போய்விட்டவர் எல்லாருடைய பெயரும் பட்டியலில் கிடந்தால் சதவீதம் தானாகவே குறையும். இன்னொரு பக்கம், ஆண்டுக்கணக்கில் ஓட்டுப் போட்டவர் பூத்துக்குப் போய் “உங்க பேர் இல்லை” என்று கேட்டுத் திரும்புவதும் ஒவ்வொரு தேர்தலிலும் நடக்கிறது. ஆனால் மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிற்கும் கார் வரிசையையும் மறுப்பதற்கில்லை.

2024-ல் பிரிட்டனின் 137, ஹெண்டன் தொகுதி. வட லண்டனில், தமிழர்கள் நிறைய வாழும் ஹாரோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே லேபர் வேட்பாளர் டேவிட் பின்டோ-டுஷின்ஸ்கி 15 ஓட்டில் ஜெயித்தார். நாடு முழுக்க அன்று வாக்களித்தவர்கள் 60 சதவீதம்; 2001-க்குப் பிறகு அவ்வளவு குறைந்தது அப்போதுதான். புகைப்பட அடையாள ஆவணத்தைக் காட்டினால்தான் பொதுத் தேர்தலில் ஓட்டு என்ற விதியும் அங்கே அந்த ஆண்டுதான் முதன்முறையாக வந்தது. நமக்கு வாக்காளர் அடையாள அட்டை 1993 முதல் பழக்கம். அதைக் கொண்டுவந்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்த அன்றைய தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என். சேஷன் கடைசிக் காலம் வரை வாழ்ந்தது மயிலாப்பூரை அடுத்த ஆழ்வார்பேட்டையில்.

இப்படி நூலிழையில் தோற்றவர் அடுத்து நீதிமன்றத்துக்குப் போவார். வாக்காளர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதற்கு ஒரு பிரிட்டிஷ் உதாரணம் உண்டு. 1997-ல் வின்செஸ்டர் தொகுதியில் லிபரல் டெமாக்ரட் மார்க் ஓட்டன் இரண்டே ஓட்டில் ஜெயித்தார். சில சீட்டுகளில் அலுவலக முத்திரை இல்லை என்று தோற்றவர் வழக்குப் போட்டார்; நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. நவம்பரில் மறுதேர்தல். அதே ஓட்டன் 21,556 ஓட்டில் ஜெயித்தார். தமிழ்நாட்டில் 2016-ல் ராதாபுரத்தில் அ.தி.மு.க.வின் இன்பதுரை 49 ஓட்டில் ஜெயித்ததை எதிர்த்து தி.மு.க.வின் மு. அப்பாவு வழக்குப் போட்டார். 2019-ல் மறு எண்ணிக்கைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. வழக்கு முடிவதற்குள் பதவிக்காலமே முடிந்துபோனது. 2021-ல் அப்பாவு அதே தொகுதியில் ஜெயித்து சபாநாயகர் ஆனார். வின்செஸ்டரில் ஏழு மாதத்தில் கிடைத்த தீர்ப்பு ராதாபுரம் வாக்காளருக்கு ஐந்து வருடத்தில் கிடைக்கவில்லை.

பெசன்ட் நகர்த் தேங்காய்

தூரத்துத் தேர்தலில் சென்னை உரிமை கொண்டாடுவது புதிதல்ல. 2010-ல் கலிபோர்னியா அட்டர்னி ஜெனரல் பதவிக்கு நின்ற கமலா ஹாரிஸ், தாத்தா-பாட்டி வாழ்ந்த பெசன்ட் நகரில் தனக்காகத் தேங்காய் உடைக்கும்படி சித்தியிடம் கேட்டுக்கொண்டார். வரசித்தி விநாயகர் கோயிலில் 108 உடைத்தார்கள். மூன்று வாரம் இழுத்த எண்ணிக்கையில் கமலா ஜெயித்தார். 2024 நவம்பரில் அவர் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்றபோது மன்னார்குடி அருகே துளசேந்திரபுரத்தில் செய்த பூஜைக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

பிரிட்டன் தேர்தலோடு அடையாறுக்கு இருக்கும் உறவு இதைவிடப் பழையது. அடையாறில் அன்னி பெசன்ட்டின் வட்டத்தில் இருந்து 1924-ல் லண்டன் போன வி.கே. கிருஷ்ண மேனன், 1934-ல் செயின்ட் பாங்க்ரஸில் லேபர் கவுன்சிலர் ஆனார். 1945 ஜூலை 26 அன்று வந்த முடிவில் அதே லேபர் கட்சி 393 இடங்களைப் பிடித்து, போரில் ஜெயித்த சர்ச்சிலை வீட்டுக்கு அனுப்பியது. இந்திய விடுதலைக்குப் பிடிகொடுக்காத ஒருவரை பிரிட்டிஷ் வாக்காளர்கள் சொந்தக் காரணங்களுக்காக இறக்கினார்கள். வேலை, வீடு, மருத்துவம் என்று அவர்கள் யோசித்துப் போட்ட ஓட்டு நம் வரலாற்றையும் நகர்த்தியது.

2024-ல் தமிழர்கள் கொண்டாடிய முடிவு கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபர்ட் அண்ட் போ தொகுதியில் வந்தது. ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த பெற்றோருக்குப் பிறந்த உமா குமரன் லேபர் வேட்பாளராக ஜெயித்து, பிரிட்டன் நாடாளுமன்றத்தின் முதல் தமிழ்ப் பெண் உறுப்பினர் ஆனார். 2015-ல் ஹாரோ ஈஸ்ட்டில் நின்று தோற்றவர். ஒன்பது வருடம் கழித்து வேறு தொகுதியில் கதவு திறந்தது. யாழ்ப்பாணத்திலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் வந்த வாழ்த்துகளோடு சென்னை வாட்ஸ்அப் குழுக்களின் வாழ்த்தும் சேர்ந்துகொண்டது. சுனக் பிரதமரானபோது “நம்மாளு” என்று பகிர்ந்த அதே குழுக்கள்தான். அவர் தோற்றபோது பெரிதாக ஒன்றும் பகிரவில்லை.

ஜெயித்தவர்களின் தேனிலவும் அங்கே நீளவில்லை. ஆட்சி மாறி ஐந்து மாதம் முடிவதற்குள், 2024 நவம்பரில், இன்னொரு பொதுத் தேர்தல் வையுங்கள் என்று நாடாளுமன்ற இணையதளத்தில் ஒரு மனு வந்தது. ஒரு லட்சம் கையெழுத்து சேர்ந்தால் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். இதில் சேர்ந்தது சுமார் முப்பது லட்சம். ஜனவரி 6 அன்று விவாதித்தார்கள். தேர்தல் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மனுவில் கையெழுத்துப் போட ஒரு நிமிடம் போதும். ஜூலை 4 அன்று பூத்துக்கு நடந்து போகாதவர்கள் அந்நாட்டில் பத்துக்கு நான்கு பேர்.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வாசகர்கள் அடுத்த முடிவு வரும்வரை காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீடு மாறியிருந்தால் படிவம் 8, புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6, வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்குப் படிவம் 6ஏ. 18 வயது கணக்கு இப்போது ஜனவரி 1-க்கு மட்டுமில்லை. ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளுக்கும் பார்க்கப்படுகிறது. வாக்காளர் உதவி எண் 1950. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீட்டில் யாராவது லண்டனில் இருந்தால், அங்கே பதிந்துகொண்டாரா என்றும் கேட்டுவிடுங்கள்.